பெயர் தராத ஊரின் வேட்பாளர்

தேர்தலில் ஜெயித்தவர்களைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. மாலை போட்டவனும் எழுதுவான், மாலை வாங்கிக்கொண்டவனும் எழுதுவான். ஐம்பத்தெட்டு ஓட்டில் தோற்றுப்போன ஒரு ஜாட் விவசாயியைப் பற்றி எழுத வேண்டும் என்று யாருக்குத் தலையெழுத்து? எனக்குத்தான். மார்வார் மணல்காட்டில் இருக்கும் நீம்பாசர் கிராமத்துக்கு நான் பதினெட்டு வருஷம் பட்வாரியாக இருந்தேன். எந்த வயல் யாருடையது, யார் எதை விதைத்தார்கள், எந்த வரப்பில் எத்தனை வன்னி மரம் என்று எழுதி வைப்பது என் பிழைப்பு. மனிதர்களை எழுதும் வேலையும் ஒரு வருஷம் என் தலையில் வந்து விழுந்தது. அன்று பிடித்த சனி பேமாராமையும் விடவில்லை, என்னையும் விடவில்லை.

பேமாராம் உயரமான மனிதர். வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். அவரைப் போல மோசமாகத் தலைப்பாகை கட்டியவரை நான் மார்வாரில் பார்த்ததில்லை. பாதி நாள் அது காதில் தொங்கும். பத்துப் பேர் கூடிய இடத்தில் உள்ளங்கையில் அபின் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது எங்கள் பக்கத்து மரியாதை. வேண்டாம் என்றால் சண்டைதான். அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். கையில் வாங்கி, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் கைக்கு மாற்றிவிடுவார். அவருடைய அப்பா அபினிலேயே போனவர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. பேச்சு குறைவு. ஆனால் ஊரின் நாற்பது வீடும் அந்தக் குறைந்த பேச்சைக் கேட்டு நடந்தது. அவர் காலை இழுத்து நடந்ததற்கும், ஊர் அவர் பேச்சைக் கேட்டதற்கும் ஒரே காரணம்தான்.

ரத்னோத் கோட்டையில் ஒரு தாகூர், எங்கள் பக்கத்து ஜாகீர்தார். அவருக்குக் கீழே பன்னிரண்டு கிராமங்கள், நீம்பாசரும் அதில் ஒன்று. பன்னிரண்டு கிராமத்துப் பெண்களும் முறை வைத்துக் கோட்டைக்குப் போய் மாவரைத்து, தண்ணீர் சுமந்து, தொழுவம் பெருக்கிவிட்டு வர வேண்டும். கூலி கிடையாது. முறை தப்பாமல் இருக்கக் கோட்டைக் காரியஸ்தர் கிஸ்தூர்மல் ஊருக்கு ஒரு புத்தகம் வைத்திருந்தார். அதில் வீட்டுக்கு வீடு பெண்களின் பெயர். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகி வந்த பெண்ணின் பெயரை அந்த ஊரில் யாரும் உச்சரிப்பதில்லை. பிறந்த ஊரை வைத்து சோமேசர்க்காரி என்பார்கள். பிள்ளை பிறந்துவிட்டால் இன்னாரின் அம்மா. மாமியாரும் சொல்ல மாட்டாள், புருஷனும் சொல்ல மாட்டான். கிஸ்தூர்மல் மட்டும் குதிரையில் இருந்தபடியே வாசலில் நின்று, புத்தகத்தைப் பார்த்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஊரே கேட்கும்படி கூப்பிடுவார். மாவரைப்பதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் கூப்பாட்டைத்தான் தாங்க முடியாது என்று பெண்கள் அழுவார்கள்.

நாற்பத்திரண்டாம் வருஷக் கோடையில் கிஸ்தூர்மல் பேமாராம் வீட்டு வாசலில் வந்து கூப்பிட்டார். பேமாராமின் மனைவி பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பேமாராம் வெளியே வந்தார், காரியஸ்தர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினார், உள்ளே போய் அடுப்பில் வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே அவரைக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கால் அன்றிலிருந்து இழுவைதான். ஆனால் நீம்பாசருக்குப் புதுப் புத்தகம் எழுத அதன் பிறகு யாரும் வரவில்லை. மற்றப் பதினோரு ஊர்ப் பெண்களும் போய்க்கொண்டிருந்தார்கள், நீம்பாசர்ப் பெண்கள் போகவில்லை. எங்கள் ஊர்ப் பெண் பெயர் காகிதத்தில் ஏறாது என்று சொல்வது அந்த ஊரின் பெருமையாகிவிட்டது.

சுதந்திரம் வந்தது. ராஜஸ்தான் என்று ஒரு மாநிலம் வந்தது. ஐம்பதாம் வருஷம் எனக்கு ஒரு கட்டு வெள்ளைத் தாளும் ஒரு உத்தரவும் வந்தன. இருபத்தொரு வயதான ஆணும் பெண்ணும் ஓட்டுப் போடப் போகிறார்கள், வீட்டுக்கு வீடு போய்ப் பெயர் எழுதிக்கொண்டு வா என்றது உத்தரவு. உத்தரவு போட்டவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போட்டிருப்பார். நான் வைகாசி வெயிலில் மணலில் நடந்தேன். ஆண்கள் பெயர் இரண்டு நாளில் முடிந்தது. பெண்களிடம் கேட்டால் கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம்தான் வந்தது. பேமாராமின் வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்து உட்கார வைத்தார்.

"பட்வாரிஜி, வயலை எழுதுங்க, மாட்டை எழுதுங்க, என்னை வேணா ரெண்டு தடவ எழுதிக்கோங்க. இந்த ஊர்ப் பொம்பளைங்க பேரு மட்டும் காகிதத்துல ஏறக் கூடாது."

"இது கோட்டைக் காகிதம் இல்ல பேமா. சர்க்கார் காகிதம்."

"இன்னிக்கு உங்க கையில இருக்கு. நாளைக்கு யார் கையில இருக்கும்? உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லைதான். 'பேமாராமின் மனைவி', 'ஹீராவின் தாய்', 'கும்பாவின் விதவை' என்று நூற்று முப்பத்தொரு வரி எழுதி அனுப்பிவிட்டேன். ஆறு மாதம் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்பதெல்லாம் செல்லாது, ஒரு மாதம் தவணை, சொந்தப் பெயரை வாங்கு, வராவிட்டால் அந்த வரியை அடித்துவிடு என்று எழுதியிருந்தது. திரும்பவும் போனேன். பேமாராம் அதே மோரைக் கொடுத்தார், அதே பதிலைக் கொடுத்தார். மற்ற வீடுகளில், "பேமா அண்ணன் என்ன சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார்கள்.

பக்கத்துச் சரகத்துப் பட்வாரி ரேவந்த்மலிடம் போய்ப் புலம்பினேன். அவருக்கு ஐந்து கிராமம், கோட்டையைச் சேராத ஊர்கள்; அங்கேயும் இதே கதைதான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பேரு இல்லன்னா வெக்க வேண்டியதுதானே. உன் புள்ளைக்கு வெக்கல? நான் கங்கா, யமுனா, சரஸ்வதின்னு ஆத்துலேந்து ஆரம்பிச்சேன். ஆறு தீந்ததும் சாமிக்கு வந்துட்டேன். எல்லா வீட்டுலயும் ஒரு கங்கா உண்டு."

"அது பொய்க் கணக்காச்சே?"

"நீ உண்மைக் கணக்கை வெச்சிக்கிட்டு ஊறுகா போடு," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பொய்யாக ஒரு வரப்பைக் கூட நான் எழுதியதில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. இன்று நினைத்தால் அந்தத் திமிரைச் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது. மாதக் கடைசியில் உட்கார்ந்து, சிவப்பு மசியால், நூற்று முப்பத்தொரு வரியையும் அடித்து அனுப்பினேன். கோட்டைக்குக் கீழே இருந்த மற்றப் பதினோரு ஊர்களில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. கிஸ்தூர்மல் தன் புத்தகங்களை அந்த ஊர்ப் பட்வாரிகளிடம் கொடுத்தார். அவர்கள் அவற்றிலிருந்து அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார்கள். மாவரைக்கும் முறைக்காக எழுதிய பெயர்கள் எல்லாம் வாக்காளர் பட்டியலுக்கு வந்து சேர்ந்தன.

ஐம்பத்தொன்றாம் வருஷ மழைக்குப் பிறகுதான் கோட்டை நீம்பாசர் மேல் கை வைத்தது. தாகூர்களின் ஜாகீர் நிலங்களைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளச் சட்டம் வரப்போகிறது, சொந்தச் சாகுபடி நிலத்தை மட்டும் விடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. உடனே கோட்டைக்குத் திடீரென்று விவசாய ஆசை வந்துவிட்டது. நீம்பாசரின் பெரிய கிணறும் அதைச் சுற்றிய எண்பது பிகா நிலமும் கோட்டையின் சொந்தச் சாகுபடி, ஹோலிக்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் வானம் பார்த்த நிலம் எவ்வளவு இருந்தாலும் அது நிலம் இல்லை. கிணறு இருந்தால்தான் கோதுமை, கிணறு இருந்தால்தான் ஊர். அந்த எண்பது பிகாவை நம்பித்தான் நாற்பது வீடும் இருந்தது.

தாசில்தாரிடம் போனார்கள். அவர் பேப்பரைப் புரட்டினார். கலெக்டரிடம் போனார்கள். அவர் ஊரில் இல்லை. ஜில்லாவிலிருந்து வந்த விவசாயிகளுக்காக வாதாடும் ஒரு வக்கீல்தான், உங்களில் ஒருவன் சட்டசபையில் உட்கார்ந்தால் இந்தத் தாசில்தாரே எழுந்து நிற்பான், கிணற்றை எடுக்கத் தடை உத்தரவு தானாக வரும் என்றார். யாரை நிறுத்துவது என்று யோசிக்கவே இல்லை. நாற்பது வீடும் பேமாராமைப் பார்த்தது. எதிரே நின்றவர் கோட்டைத் தாகூரின் தம்பி ஜோராவர்சிங். அவருக்குச் சின்னம் குதிரை வீரன், பேமாராமுக்குத் தராசு.

மனு போட்ட மறுநாள் பேமாராம் என் வீட்டுக்கு வந்து பட்டியலைக் காட்டச் சொன்னார். படிக்கத் தெரியாது, என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நீம்பாசர் பக்கம் வந்ததும் ஆண்கள் பெயரைப் படித்து நிறுத்தினேன்.

"பொம்பளைங்க?"

"இல்ல பேமா. அடிச்சாச்சு. நீங்கதானே..."

"இப்ப எழுதிக்கோங்க."

"பட்டியல மூடி நாளாச்சு. இனிமே அஞ்சு வருஷம் கழிச்சுதான்."

அவர் தலைப்பாகையை அவிழ்த்து, மடியில் வைத்துக்கொண்டு, திரும்பக் கட்டினார். அப்போதும் அது சரியாக வரவில்லை. எழுந்து போகும்போது, இதை ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். நான் ஜில்லாவுக்குப் போய்ச் சரி பண்ணிக்கொண்டு வருகிறேன் என்றார். மூன்று தடவை போனார். ஒவ்வொரு தடவையும் முப்பது மைல் போக, முப்பது மைல் வர, வாடகை ஒட்டகத்தில். மூன்றாம் தடவை திரும்பி வந்தபோது என் வாசலைத் தாண்டிப் போனார், நிற்கவில்லை. என்ன பதில் கிடைத்தது என்று அந்த முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

தேர்தல் வேலை என்றால் மேளதாளம் என்று நினைக்காதீர்கள். அது குதிரைச் சின்னத்துக்கு. போகிற ஊரிலெல்லாம் அவர்கள் அபின் கரைத்து ஊற்றினார்கள். தராசுக்கு ஒரு நொண்டி மனிதரும், இரவல் ஒட்டகம் ஒன்றும்தான். மார்கழிக் குளிரில் ஊர் ஊராகப் போய், நாலு பேர் கூடினால் நாலு பேரிடம், கிணறு போகப் போகிறது, இன்றைக்கு எங்கள் கிணறு, நாளைக்கு உங்களுடையது என்று ஒரே பேச்சைச் சொன்னார். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. கடைசி வாரம் அவருக்குக் குரலே இல்லை. கையால் தராசு மாதிரி காட்டிவிட்டு வந்தார்.

ரத்னோத் சந்தையில் ஒரு நாள் கிஸ்தூர்மல் எதிரே வந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"என்ன பேமா, பட்டியலப் பாத்தேன். உங்க ஊர்ல ஒரு பொம்பளையும் இல்லியாமே. பாவம், ரொட்டி சுடறது யாரு? நீயேதானா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேமாராம் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

ஊருக்குள் பெண்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். நான் சிவப்பு மசியால் அடித்தது அவர்களுக்குத் தெரியாது; 'இன்னாரின் மனைவி' என்ற வரி பட்டியலில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஓட்டுப் போட ரத்னோத்துக்கு எட்டு மைல் நடக்க வேண்டும் என்று கம்பு ரொட்டி கட்டிக்கொள்ளப் பேசி வைத்தார்கள். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் சிவப்பு முக்காட்டை வெயிலில் போட்டார்கள். அந்தத் தேர்தலில் சின்னத்துக்கு ஒரு பெட்டி; தராசுப் பெட்டி எது என்று அடையாளம் காண ஒருத்தி கரித்துண்டால் சுவரில் தராசு வரைந்து வைத்து எல்லோருக்கும் காட்டினாள். பேமாராம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்குப் போனார். சொல்லிவிடுங்கள் என்று இரண்டு முறை அவரிடம் சொன்னேன். நாளைக்கு, நாளைக்கு என்றார். நானாவது சொல்லியிருக்கலாம். அவர் வீட்டு விஷயம், அவரே சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். இப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

ஜனவரியில் ஓட்டு. ரத்னோத் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குத் தனி அறை. ஊர்ப் பெண்களை அடையாளம் காட்ட வேண்டும் என்று என்னை அங்கே ஒரு மேஜைக்குப் பின்னால் பட்டியலோடு உட்கார வைத்தார்கள். அதிகாரி அஜ்மீரிலிருந்து வந்த வாத்தியார், நல்ல மனிதர், சளி பிடித்திருந்தது. காலையிலேயே கோட்டை மாட்டு வண்டிகள் வந்துவிட்டன. கிஸ்தூர்மல் வாசலுக்கு வெளியே நின்று புத்தகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லச் சொல்ல, முக்காடு போட்ட பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கி வந்தார்கள். ரேவந்த்மலின் ஊர்ப் பெண்களும் வந்தார்கள். அவர்களில் ஒரு கிழவி என் முன்னால் நின்று, "நேத்து வரைக்கும் ஞாபகம் இருந்துச்சு. கங்காவா, யமுனாவா?" என்று கேட்டாள். பின்னால் நின்றவள் யமுனா என்று எடுத்துக் கொடுத்தாள். விரலில் மை வைத்து அவளை உள்ளே விட்டோம்.

பத்து மணிக்குப் பாட்டுச் சத்தம் கேட்டது. நீம்பாசர்ப் பெண்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். எட்டு மைல் மணலில் நடந்த புழுதி முழங்கால் வரைக்கும். எல்லோருக்கும் முன்னால் சோமேசர்க்காரி, பேமாராமின் மனைவி. என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"பேர் என்ன?" என்று கேட்டார் அதிகாரி. அவருக்கு எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாது.

முக்காட்டுக்குள் மூச்சு வாங்குவது தெரிந்தது. பிறகு அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"தாபு. எழுதிக்கோங்க பட்வாரிஜி. தாபு, பேமாராம் வீடு, நீம்பாசர்."

புருஷன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். பின்னால் நின்ற பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பதினொரு பேர் பிறந்த வீட்டில் கடைசியாகப் பிறந்த பெண்ணுக்கு, போதும் சாமி என்று வைக்கிற பெயர் அது. இருபத்தைந்து வருஷத்தில் கோட்டைக்காரன் ஒருவனைத் தவிர யாரும் சொல்லாத பெயர். அதை அவளே வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். நான் பட்டியலைப் புரட்டினேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம்; இருந்தாலும் புரட்டினேன்.

"இல்லையேம்மா," என்றேன்.

"நல்லாப் பாருங்க."

"இல்ல."

அவள் விலகி நின்றாள், போகவில்லை. அடுத்தவள் வந்தாள். தாபு சொன்னதைப் பார்த்துவிட்டு அவளும் தன் பெயரைச் சொன்னாள்: கேலி. அதற்கடுத்தவள்: சுகி. பேம்பி, ருக்மா, பான்னி, மங்கி. பல்லில்லாத ஒரு கிழவி தன் பெயரை மறந்துவிட்டு, யோசித்து, சிரித்து, லாச்சா என்றாள். ஒவ்வொருத்தியும் சொல்லச் சொல்ல நான் தாளைப் புரட்டிப் பார்த்து இல்லை என்றேன். மொத்தமாகச் சொல்லி அனுப்பிவிடுங்களேன், ஏன் தேடுகிறீர்கள் என்று அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார். எட்டு மைல் நடந்து வந்து, வாழ்நாளில் முதல் தடவையாகப் பெயரைச் சொல்கிறவளை முகத்தைக் கூடப் பார்க்காமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நூற்று முப்பத்தொரு தடவை தேடினேன். மதியம் தாண்டிவிட்டது. திரும்பிப் போகும்போது அவர்கள் பாடவில்லை.

ஒன்பது நாள் கழித்து ஜில்லாவில் எண்ணினார்கள். பேமாராமும் நானும் வராந்தாவில் குந்தியிருந்தோம். முதலில் தராசு முன்னால் இருந்தது, மத்தியானம் குதிரை வந்தது, கடைசிப் பெட்டி வரைக்கும் மாறி மாறி வந்தது. வக்கீல் வெளியே வந்து ஐம்பத்தெட்டு என்றார். கோட்டைக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள். பேமாராம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு ஒட்டகத்தை அவிழ்க்கப் போனார்.

கிணறு என்னவாயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹோலிக்கு எட்டு நாள் முன்னால், முற்றாத கோதுமையோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். கோட்டையின் சொந்தச் சாகுபடி என்று பதிவேட்டில் எழுதச் சொல்லி உத்தரவு எனக்குத்தான் வந்தது. எழுதினேன். சம்பளம் வாங்குகிறவன் வேறு என்ன செய்வான் என்று கேட்டுக்கொண்டே எழுதினேன். நாற்பது வீட்டில் பதினேழு வீடு அந்த வருஷமே மாளவாப் பக்கம் பிழைக்கப் போய்விட்டது. ஜாகீர்ச் சட்டமும் பிற்பாடு வந்தது, கோட்டை வேலையும் ஒழிந்தது, ஆனால் எழுதியது எழுதியதாகவே இருந்தது. பேமாராம் ரேவந்த்மலின் சரகத்தில் யாரோ ஒருவர் கிணற்றில் கூலிக்குக் கமலை ஓட்டினார். அறுபத்தொன்றாம் வருஷம் இருமலில் போனார். அடுத்த தேர்தலில் நிற்கச் சொல்லி வக்கீல் ஒரு தடவை வந்து கேட்டதாகவும், இவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார்கள்.

அதெல்லாம் பிறகு. ஓட்டு எண்ணிய மறுநாள் நாங்கள் ஊர் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பேமாராம் ஊர் எல்லையில் ஒட்டகத்தை நிறுத்தி, அடித்த பட்டியலின் நகல் இருக்கிறதா என்று கேட்டார். பையில் இருந்தது.

"வாங்க. எந்தெந்த வீட்டுல எத்தனன்னு சொல்லுங்க."

முதல் வீட்டு வாசலில் நின்றார். வீட்டுக்காரர் வெளியே வந்தார். நான் பட்டியலைப் பார்த்து, மூன்று என்றேன். தொண்டை கரகரக்க பேமாராம் சொன்னது இவ்வளவுதான்: தோற்றுவிட்டேன், உங்கள் வீட்டில் மூன்று ஓட்டு இருந்தது, நான்தான் தடுத்தேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த வீடு, நாலு. அதற்கடுத்தது, ஒன்று. யாரும் திட்டவில்லை. ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கிழவி லாச்சா அழுதாள். முப்பத்தொன்பது வீடும் காலை இழுத்துக்கொண்டே போனார். எனக்குக் கால் கடுத்தது. போதும் பேமா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது; அடுத்த வீட்டுக் கணக்கைப் பார்த்துச் சொன்னேன்.

கடைசியில் அவர் வீடு. உள்ளே போகவில்லை. மற்ற வாசல்களில் நின்றது போலவே தன் வாசலிலும் நின்றார். தாபு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"தோத்துட்டேன்," என்றார். "இந்த வீட்டுல ஆறு. நான்தான் தடுத்தேன்."

"தடுத்தீங்க, நாங்களும் கேட்டோம். அதுல எங்களுக்கும் பங்கு இருக்கு. அத விடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாங்க அன்னிக்கு நடந்து போனப்போ, பேரு இல்லன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேந்து?"

"மனு போட்ட மறுநாள்லேந்து."

அவள் கணக்குப் போட்டாள் போலிருக்கிறது.

"கோட்டைக்கே பயப்படாத ஆளு. எங்ககிட்ட சொல்லப் பயந்தீங்களா?"

"ஆமா," என்றார் பேமாராம். சொல்லிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை வாசலில் அவர் உட்கார்ந்தது அங்கே மட்டும்தான்.

அவள் முக்காட்டை என் பக்கம் திருப்பினாள். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"பட்வாரிஜி, உங்களுக்கும் தெரிஞ்சுதான் ஒவ்வொருத்தியையும் பேரு சொல்ல விட்டீங்களா?"

நூற்று முப்பத்தொரு தடவை இல்லை என்று சொன்ன வாய் எனக்கு. ஆமாம் என்று ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வரவில்லை. கையிலிருந்த பட்டியலை மடித்துக்கொண்டே நின்றேன்.